மாவுப்புழுவும் மாமாவின் வாளியும்

ஜனவரி 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது.

நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் எங்கள் பெண் பாப்பாவும் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்ததாக அவள் போனில் சொன்னாள். பட்டறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் "ரயிலில் நல்ல கூட்டம்" என்றது என் காதில் "வயிற்றில் நல்ல ஓட்டம்" என்று விழுந்து, உங்கள் அத்தை அன்று முழுக்கக் கவலைப்பட்டாள். இத்தனை வருஷம் வாளி வார்க்கும் மெஷின் பக்கத்திலேயே நின்ற காது. இனி அதை நம்பிப் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் கடிதம். தவிரவும், மாப்பிள்ளையோடு போனில் பேசும்போது உட்கார்ந்து பேசுவதா நின்று பேசுவதா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இங்கு வந்திருந்தபோது சாப்பாட்டில் உங்கள் புழுவைப் பற்றிச் சொன்னீர்கள். பிளாஸ்டிக்கைத் தின்கிறது என்றீர்கள். நான் சிரித்தேன். மரியாதைக்கு நீங்களும் சிரித்தீர்கள். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். வாளி செய்து பிழைக்கிறவன் பெண்ணைக் கட்டிக்கொண்டு வாளியைத் தின்கிற புழுவை வளர்க்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்?

சோதனைக்கு ஒரு துண்டு பிளாஸ்டிக் கேட்டீர்கள். துண்டு கொடுக்கிற வழக்கம் நம் கடையில் இல்லை. முழு வாளியாகவே பார்சல் அனுப்பியிருக்கிறேன். நீல நிறம், கலப்படமில்லாத சரக்கு. உங்கள் புழுவுக்குப் பல் இருக்கிறதா என்று இப்போது பார்த்துவிடலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாமா

பி.கு: நான் அத்தை. கவரை ஒட்டுவதற்கு என்னிடம் கொடுத்தார், அதனால் இரண்டு வரி. புழு டப்பாவைச் சமையலறைக்குள் கொண்டுவர வேண்டாம் என்று பாப்பா பத்து தடவை சொல்லிவிட்டாளாம். அவள் சொல்வது பதினொன்றாம் தடவை வரைக்கும்தான். பிறகு செய்துவிடுவாள்.


ஜனவரி 29

மதிப்பிற்குரிய மாமாவுக்கு வணக்கம்.

இருவரும் நலம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வாளி வந்து சேர்ந்தது. பார்சல் கொண்டுவந்தவர் அதை அசைத்துப் பார்த்து, "உள்ள ஒண்ணும் இல்ல போலிருக்கே சார்" என்றார். வாளிதான் பொருள் என்று அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நான் வளர்ப்பது மாவுப்புழு. கருவண்டு ஒன்றின் புழுப்பருவம். விரல்நுனி நீளம், மஞ்சள் நிறம். பல் இல்லை, இடுக்கி போன்ற தாடை உண்டு. ஆனால் என் ஆராய்ச்சி புழுவைப் பற்றியதே அல்ல மாமா. அதன் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாவைப் பற்றியது. புழு கடித்துத் தள்ளும். செரிக்க வைப்பது அந்தக் குடித்தனக்காரர்கள்தான். அவர்களைப் பிரித்தெடுத்து, புழு இல்லாமலேயே குப்பையில் விடமுடியுமா என்று பார்க்கிறோம்.

உங்கள் வாளியை அறுக்க மனம் வரவில்லை. மான் முத்திரை உள்ள அடிப்பக்கத்தைத் தொடாமல், வாய்ப்பக்கத்தில் மட்டும் சில்லுகளாக வெட்டி ஒரு டப்பாவில் போட்டிருக்கிறேன். பக்கத்து டப்பாக்களில் சாதாரணப் பை, தெர்மாகோல், தவிடு. எங்கள் துறைத் தலைவி அம்மாவுக்கு இதில் நம்பிக்கை குறைவு. பாப்பா தினமும் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் பல் பிடுங்கிவிட்டு வந்து, "தாடை மட்டும் இருந்தா போதாது, கடவாய்ப்பல் வேணும்" என்கிறாள்.

அத்தை சொன்ன விஷயத்தை மனதில் வைத்திருக்கிறேன். டப்பா இப்போது ஆய்வுக்கூடத்தில்.

அன்புடன்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 10

மாப்பிள்ளைக்கு மாமாவின் ஆசிகள்.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது மட்டும் வலி, பக்கத்து வீட்டுக்குக் கதை பேசப் போகும்போது வலிப்பதில்லை.

உங்கள் கடிதத்தைக் கடையில் உரக்கப் படித்தேன். எதிர்த்த கடை இரும்புக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "உங்க வாளிய மாப்பிள்ளை புழுவுக்குப் போட்டாரா? பாவம், அதுங்க என்ன தப்பு பண்ணுச்சு?" என்றார். எனக்கும் அதே கவலைதான். நம் வாளியில் வாய் வைத்துத் தாடை பெயர்ந்த புழுவின் பாவம் என் தலையில் விழ வேண்டாம். பட்டினியில் சாவதற்குள் தவிட்டு டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். ஆராய்ச்சி தோற்றால் வருத்தப்படாதீர்கள். எதையும் மோதிப் பார்த்தால்தானே அது பாறை என்று தெரியும்.

இப்படிக்கு,
மாமா


மார்ச் 3

அன்பு மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று வரிசையாக எழுதும் பொறுமை இன்று இல்லை. மன்னிக்கவும்.

தின்றுவிட்டன மாமா! உங்கள் வாளியைத் தின்றுவிட்டன!

பையை நுனியில் கொறித்தன. தெர்மாகோலைச் சுமாராகக் குடைந்தன. ஆனால் நீல வாளியின் சில்லுகளைச் சல்லடையாக்கிவிட்டன. எடை போட்டுப் பார்த்தேன். தராசில் கோளாறு என்று நினைத்துப் பக்கத்து அறைத் தராசுக்கு ஓடினேன். அதுவும் அதையேதான் சொன்னது. புழுக்கள் கொழுகொழுவென்று இருக்கின்றன. ஒரு புழுகூடச் சாகவில்லை.

தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எனக்குத் தெரிந்து அவர் என்னை முதல்முறையாக "உட்காருங்க" என்று சொன்னது அன்றுதான்.

உங்கள் வாளியைப் பற்றி இப்படி எழுதுவது முறையல்ல என்று தெரியும். தோற்றது உங்கள் வாளி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜெயித்தது புழு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதே சரக்கில் வார்த்த இன்னும் நாலைந்து வாளிகள் உடனே வேண்டும். பாப்பா சந்தோஷத்தில் அத்தைக்குத் தனியாக எழுதுகிறேன் என்றாள்.

துள்ளிக் குதிக்கும் கையோடு,
மாப்பிள்ளை


மார்ச் 30

மாப்பிள்ளைக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சளி. சளி விட்டதும் இருமல். இருமல் விட்டதும் மெஷினில் ஒரு கோளாறு. அது சரியானதும் பேனா அகப்படவில்லை. இங்கு வெயில் ஆரம்பித்துவிட்டது. அங்கும் வெயில்தானா? மோர் நிறையக் குடியுங்கள்.

உங்கள் புழுக்கள் சாப்பிட்டது பற்றி மிக்க மகிழ்ச்சி. ஆனால் அந்த நீல வாளியை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஏதோ பழைய அச்சில் வார்த்தது. ஒரு வாளியை வைத்து என்ன முடிவுக்கு வரமுடியும்? இத்துடன் சிவப்பு வாளி ஒன்று அனுப்பியிருக்கிறேன். தூக்கிப் பாருங்கள், கனம் தெரியும். ஆராய்ச்சியை இதில் செய்வதே உங்கள் அந்தஸ்துக்குப் பொருத்தம். நீல வாளியை யாருக்காவது குளிக்கக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மாமா

பி.கு: அத்தை. சளியும் இல்லை, இருமலும் இல்லை. சட்டைப் பையிலேயே பேனா. உங்கள் கடிதம் வந்த நாளாகக் கடைக்கும் பட்டறைக்கும் நடக்கிறார். "மாவுப்புழு சாதாரணமா என்ன சாப்பிடும்?" என்று என்னைக் கேட்டார். பெயரிலேயே இருக்கிறதே என்றேன். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.


ஏப்ரல் 20

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் உடல்நலம் தேவலை என்று நம்புகிறேன். நான்தான் சரியாகத் தூங்கவில்லை.

சிவப்பு வாளி வந்தது. வெட்டிப் போட்டேன். புழுக்கள் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டன. தின்னவில்லை. நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தன, முட்டிப் பார்த்தன, கடைசியில் பசி தாங்காமல் ஒன்றையொன்று கடிக்க ஆரம்பித்துவிட்டன. அதைப் பார்த்துப் பாப்பா, "கல்யாண வீட்டுல பந்தி லேட்டானா இப்படித்தான்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் தலைவியம்மா அதற்குள் நீல வாளி வெற்றியை எல்லாருக்கும் எழுதிவிட்டார். ஆராய்ச்சிகளுக்குப் பணம் ஒதுக்கும் குழு ஜூன் முதல் வாரம் நேரில் பார்க்க வருகிறது. கூடத்தில் மாட்ட ஒரு பேனர் அடித்தாயிற்று. அதில் உங்கள் நீலச் சில்லு என் தலை அளவுக்குப் பெரிதாக இருக்கிறது. விளக்கிப் பேச வேண்டியவன் நான்.

நீல வாளியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்க வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கு பெரிய வரிசை. முடிவு ஜூலையில்தான் கிடைக்குமாம். ஆகவே உங்களையே கேட்கிறேன். நீல வாளிக்கும் சிவப்பு வாளிக்கும் என்ன வித்தியாசம் மாமா?

பதிலை எதிர்பார்க்கும்,
மாப்பிள்ளை


மே 8

மாப்பிள்ளைக்கு,

நலமே. கேட்டிருந்தீர்கள். நீல வாளிக்கும் சிவப்பு வாளிக்கும் முதல் வித்தியாசம் நிறம். அடுத்தது கைப்பிடி, சிவப்பில் பிடிமானம் அதிகம். பெண்கள் சிவப்பை விரும்பி வாங்குகிறார்கள். வேறு என்ன எழுத?

என்னைக் கேட்டால் வாளியே வேண்டாம். ஸ்டூல் ஒன்று அனுப்பட்டுமா? நாலு கால் இருக்கிறது, புழுக்கள் நாலு கூட்டமாகப் பிரிந்து சாப்பிடலாம். அந்தக் குழுவைக் கொஞ்சம் தள்ளி வரச்சொல்ல முடியாதா? வெயில் காலத்தில் பெரியவர்களை அலைக்கழிப்பது நல்லதல்ல.

பாப்பாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

மாமா

பி.கு: அத்தை. இதைப் படித்து எனக்கே பொறுக்கவில்லை. மாப்பிள்ளை, நான் உங்களுக்கு எதுவும் சொல்லவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நம் பட்டறைப் பின்கட்டில் மாதா மாதம் மூட்டை மூட்டையாகக் கிழங்கு மாவு வந்து இறங்குகிறது. இந்த வீட்டில் நான் அதில் ஒரு பலகாரமும் செய்ததில்லை. நீல வாளி அடுக்கி வைக்கும் மூலையில் எறும்பு வருகிறது. சிவப்பு மூலையில் வருவதில்லை. அவ்வளவுதான் நான் சொல்லாதது.


மே 19

அன்பு மாமாவுக்கு வணக்கம்.

அத்தையும் நீங்களும் நலம்தானே? ஸ்டூல் இப்போதைக்கு வேண்டாம்.

எனக்கு நானாக ஒரு சந்தேகம் தோன்றியது. நானாகத்தான், வேறு யாரும் சொல்லி அல்ல. நீலப் பிளாஸ்டிக்கில் ஏதோ மாவுப்பொருள் கலந்திருக்கலாம். அப்படியானால் என் புழுக்கள் பிளாஸ்டிக்கைத் தின்னவில்லை, மாவைத் தேடிப் பிளாஸ்டிக்கைத் தோண்டியிருக்கின்றன. மாவுப்புழு மாவைத் தின்றது என்று சொல்ல ஒரு குழு எதற்கு, பேனர் எதற்கு?

மூலப்பொருள் விற்கிறவர்கள் உங்களுக்கே தெரியாமல் கலந்து ஏமாற்றியிருக்கலாம். இந்தக் காலத்தில் யாரை நம்புவது?

தலைவியம்மாவிடம் போய்ச் சொன்னேன். "சந்தேகத்த வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? ரிசல்ட் பேப்பர் இருக்கா? வாளி செஞ்ச ஆளு எழுதிக் குடுத்திருக்காரா? அப்ப பேசாம இருங்க" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர் பெயரும்தானே அந்தப் பேனரில் இருக்கிறது.

எப்படியானாலும் மேடையில் நான் உண்மையைச் சொல்லிவிடுவதாக இருக்கிறேன். சொன்னால் என் இடம் இங்கு நிற்குமா என்று தெரியவில்லை. பரவாயில்லை. வாளி யாருடையது என்று கேட்டால் சந்தையில் வாங்கியது என்பேன். நீங்கள் இதில் எதற்கும் கவலைப்பட வேண்டாம்.

வணக்கத்துடன்,
மாப்பிள்ளை


ஜூன் 7

அம்மாவுக்கு,

அப்பா பத்திரமாக இங்கேதான் இருக்கிறார். சாப்பிட்டுவிட்டு முன்னறையில் குறட்டை விடுகிறார். "சரக்கு வாங்கப் போறேன்"னு உன்னிடம் சொல்லிவிட்டு வந்தாராமே. நீ நம்பியிருக்க மாட்டாய் என்று தெரியும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நடந்ததை முழுதாக எழுதுகிறேன், கேள்.

நான் ஆஸ்பத்திரியில் லீவு போட்டுவிட்டுக் கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் குழுவினர் ஆறேழு பேர். தலைவியம்மா பட்டுத்துணி விரித்த தட்டில் நீலச் சில்லை ஏந்திக்கொண்டு நின்றார், ஏதோ நகை மாதிரி. இவர் பேச எழுந்தார். "இந்த முடிவப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்ததுமே தலைவியம்மா குறுக்கே விழுந்து, "அடக்கமா பேசுவாரு. இந்த ஓட்டையப் பாருங்க, புழுவோட சாமர்த்தியத்தப் பாருங்க!" என்றார்.

அப்போது கதவுப் பக்கம் ஒரு குரல்.

"அம்மா, அது புழுவோட சாமர்த்தியம் இல்லீங்க. என்னோட சாமர்த்தியம்."

திரும்பிப் பார்க்கிறேன், அப்பா! கையில் பை, கசங்கிய சட்டை. காது கேட்காததால் தான் எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. கூடம் அதிர்ந்தது.

"நீங்க யாரு?" என்றார் தலைவியம்மா.

"வாளிக்காரன். அதுல பத்துக்கு மூணு பங்கு கிழங்கு மாவு. பெரிய கம்பெனி வாளி சந்தைக்கு வந்தப்புறம் என்னால ஈடு குடுக்க முடியல, கலந்தேன். யாரும் என்னை ஏமாத்தல. நான்தான் கலந்தேன். புழு மேல தப்பு இல்ல."

அப்புறம் குழுவில் இருந்த வழுக்கைத் தலைக்காரர் மெதுவாக, "அதாவது... மாவுப்புழு மாவைத் தின்னுருக்கு" என்றார். பக்கத்திலிருந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மொத்த வரிசையும் குலுங்க ஆரம்பித்தது. தலைவியம்மா மட்டும் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, அதன்மேல் ஒரு காகிதத்தையும் வைத்தார்.

இவர் ஓடிப்போய் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா, நானே சொல்லத்தான் எழுந்தேன். நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்?" என்றார்.

அப்பா சொன்னார்: "நீங்க சொல்லியிருப்பீங்க. யாரு வாளின்னு கேட்டா மட்டும் சொல்லியிருக்க மாட்டீங்க. திட்டு முழுசும் நீங்களே வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பீங்க. என் வாளிக்கு நீங்க எதுக்குத் திட்டு வாங்கணும்?"

அம்மா, எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் குளியலறையில் உடைந்த ஒவ்வொரு வாளிக்கும் "பொம்பளப் புள்ளைக்குக் கை இவ்வளவு முரடா இருக்கக் கூடாது"ன்னு என்னைத்தானே திட்டினார்! அதை அவரிடம் இன்னும் பேசவில்லை. தூங்கி எழட்டும்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வழுக்கைத் தலைக்காரர் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவரிடம் கேள்விமேல் கேள்வி. சிவப்பு வாளியை மறைக்காமல் டப்பாவோடு காட்டினார் இவர். "சரி. மாவே இல்லாத பிளாஸ்டிக், கொஞ்சம் மாவு உள்ளது, நிறைய உள்ளதுன்னு அளவு தெரிஞ்ச துண்டுகள் இருந்தா, எது வரைக்கும் மாவுக்காகத் தின்னுது, எதுக்கு மேல பாக்டீரியா வேலை செய்யுதுன்னு ஒழுங்கா பார்க்கலாமே. யாரு செஞ்சு தருவா?" என்றார்.

அப்பா கையைத் தூக்கிவிட்டார். "அளவ மட்டும் சொல்லுங்க. கலக்குறதுல எனக்கு நல்ல பழக்கம் உண்டு."

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை தலைவியம்மாவும் சிரித்துவிட்டார். இவருடைய இடம் இப்போதைக்குத் தப்பித்தது. பேனரைச் சுருட்டி எங்கள் பரண்மேல் போட்டிருக்கிறோம்.

அப்பாவை ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஏற்றிவிடுகிறேன். வந்ததும் நீ ஒன்றும் கேட்காதே. அவரே சொல்வார்.

உன்,
பாப்பா


செப்டம்பர் 2

அன்பு மாமாவுக்கு,

வணக்கம். எல்லாரும் நலம். நீங்கள் அளவு எழுதி ஒட்டி அனுப்பிய துண்டுகள் ஒன்றுகூட மாறவில்லை. தலைவியம்மா அவற்றை வரிசையாக அடுக்கி, "இந்த மனுஷன் நேர்மையா கலந்தா எவ்வளவு சுத்தமா கலக்குறாரு" என்றார். பாராட்டு என்றுதான் நினைக்கிறேன்.

மாவுள்ள துண்டுகளில் புழுக்கள் வழக்கம்போல விருந்துண்டன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. செய்தி சிவப்பு வாளியில்தான். அந்தப் பட்டினி டப்பாவில் பிழைத்த புழுக்களின் குடலிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து, உங்கள் சிவப்புப் பிளாஸ்டிக்கை மெல்லிய தாளாக்கி அதன்மேல் விட்டேன். வேறு சாப்பாடு கிடையாது. வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. நான் நம்பிக்கையை விட்டாயிற்று. போன வாரம் பெரிய உருப்பெருக்கியில் பார்த்தால், வழுவழுப்பாக இருந்த தாளில் குழிகள். அம்மைத் தழும்பு போல, மிகச் சின்னக் குழிகள். எடை குறைந்திருக்கிறதா என்றால், குறைந்திருக்கிறது. ஆனால் மூச்சுவிட்டால் முள் ஆடும் அளவு குறைச்சல். எல்லாத் தாள்களையும் திரும்பவும் எடை போட்டுப் பார்த்தோம். அதே குறைச்சல்.

இந்த வேகத்தில் ஒரு வாளியைத் தின்றுமுடிக்க எத்தனை தலைமுறை ஆகும் என்று பாப்பா கேட்டாள். ஆனால் மாமா, இந்த முறை மாவு இல்லை. இது பிளாஸ்டிக்தான்.

சந்தோஷத்துடன்,
மாப்பிள்ளை


அக்டோபர் 14

மாப்பிள்ளைக்கு மாமாவின் அன்பும் ஆசியும்.

நலம். உங்கள் கடிதத்தை மூன்று பேருக்குப் படித்துக் காட்டிவிட்டேன். உங்கள் பாக்டீரியா என் வாளியைத் தின்றது என்பது உங்களுக்கு வெற்றி. மூச்சுவிட்டால் ஆடும் அளவுதான் தின்ன முடிந்தது என்பது எனக்கு வெற்றி. ஒரே முடிவில் மாமனாரும் மருமகனும் ஜெயித்த ஆராய்ச்சி உலகத்தில் வேறு இருக்காது. இரும்புக்காரருக்கு இதில் யார் பக்கம் சிரிப்பது என்றே புரியவில்லை.

பட்டறையில் இப்போது நீல வாளி வார்ப்பதில்லை. மிச்சம் இருந்ததை "மாவு கலந்தது" என்று எழுதி ஓரமாக வைத்தேன். எழுதினால் எவன் வாங்குவான் என்றாள் உங்கள் அத்தை. விற்றுவிட்டது. படித்துவிட்டுச் சிரித்தார்கள், சிரித்தவன் வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு ஒன்று வாங்கிக்கொண்டான்.

போன வாரம் நல்ல மழை. கடைத்தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் படி வரை வந்துவிட்டது. துப்புரவு ஆட்கள் நீளக் கம்பியோடு வந்து உள்ளே இருந்ததையெல்லாம் இழுத்து வெளியே போட்டார்கள். செருப்பு, பை, பாட்டில், எல்லாவற்றுக்கும் அடியில் வாளிகள். பச்சை நிறம். நான் பட்டறை தொடங்கிய புதிதில் வார்த்தவை. சேற்றைத் துடைத்துப் பார்த்தேன். அடியில் எங்கள் மான் முத்திரை, கொம்பு முனைகூட மழுங்கவில்லை. பாப்பா பிறப்பதற்கு முன்னால் செய்த வாளி மாப்பிள்ளை, நேற்று வார்த்தது போல இருக்கிறது!

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவுக்கே தூக்கிக் காட்டினேன். "பாருங்கய்யா, இது என் சரக்கு! எத்தனை வருஷமாச்சு, ஒரு கீறல் உண்டா?" என்றேன்.

சேற்றில் இடுப்பளவு நின்றுகொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. "உங்களுதா? அப்ப நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. வருஷா வருஷம் நான்தான் எடுத்துப் போடறேன். அந்தப் பக்கம் கொட்டினா மழைக்கு இந்தப் பக்கம் வந்துடுது" என்றார்.

இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு நடந்தேன். மிச்சத்துக்குத் திரும்ப வந்தேன். வீட்டில் அத்தை உள்ளே விடவில்லை, வாசலில் அடுக்கியிருக்கிறேன். வழியில் போகிறவர்கள் விலை கேட்கிறார்கள்.

இப்போது தினமும் காலையில் அவற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உழைக்கும், உழைக்கும் என்று சொல்லி விற்றேன். யாருக்கும் வேண்டாமல் போன பிறகும் உழைத்துக்கொண்டே இருக்கும் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த ஆளும் அடுத்த மழைக்கு வருவார். எனக்குப் பிறகும் வருவார். மான் மட்டும் ஓடாமல் அங்கேயே நிற்கும்.

ஒரு பச்சை வாளியைக் கழுவி இன்று உங்களுக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். சொட்டு மாவு கிடையாது, சத்தியம். உங்கள் குடித்தனக்காரர்களுக்குப் போடுங்கள். அவசரமில்லை, மெதுவாகவே சாப்பிடட்டும். ஆனால் மாப்பிள்ளை, அடிப்பக்கத்திலிருந்து, அந்த மானிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாமா